வேர்ப் பயிர்களின் மண்வழி நோய்களை நன்மை செய்யும் பூஞ்சைகளைக் கொண்டு தடுக்கும் முறை

மிளகாயிலோ தக்காளியிலோ நோய் கண்டால் இலையும் காயும் சில நாட்களிலேயே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப், உருளை, மரவள்ளி, சேனை போன்றவற்றில் அந்த வசதி கிடையாது. விற்பனைக்குப் போகவேண்டிய பொருளே மண்ணுக்குள் இருப்பதால், மேலே தழை செழிப்பாக நிற்கும்போதே கீழே அழுகல் பரவிக்கொண்டிருக்கும். பிடுங்கிப் பார்க்கும் நாளில்தான் மகசூலில் எவ்வளவு போய்விட்டது என்பது தெரியவரும். மேலும், தோலில் நான்கு புள்ளி விழுந்த கேரட்டும் கழிவுக் குவியலுக்குத்தான் போகிறது என்பதால், மற்றப் பயிர்களில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு சேதம்கூட இங்கே முழு நட்டமாகிவிடுகிறது. ஆகவே நோய் தெரிந்தபின் மருந்து தேடுவது வேர்ப் பயிர்களில் காலம் கடந்த வேலை. நோய்க்கிருமி வேரைத் தொடுவதற்கு முன்பே, அந்த வேரைச் சுற்றியுள்ள மண்ணில் நன்மை செய்யும் பூஞ்சை குடியேறிப் பெருகியிருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் வேலைகள் எல்லாம் அந்தக் குடியேற்றத்துக்கானவைதான்.

நன்மை செய்யும் பூஞ்சைகளில் ஒன்றான டிரைக்கோடெர்மாவின் பாக்கெட்டை ஒரு மருந்தாக நினைத்து வாங்குபவர்களே பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள். பாக்கெட்டில் இருப்பது டால்க் போன்ற ஏதோ ஒரு தூளில் உறங்கிக்கொண்டிருக்கும் உயிருள்ள வித்துகள். அவை விழிக்க ஈரம் வேண்டும், வளர உணவு வேண்டும், பரவக் காற்றும் சில நாட்களும் வேண்டும். வெயிலில் காய்ந்த வெற்று மண்ணில் அதைத் தூவிவிட்டுப் பலன் எதிர்பார்ப்பது, பாறைமேல் விதைத்துவிட்டு முளைப்பு எதிர்பார்ப்பதைப் போன்றதுதான்.

டிரைக்கோடெர்மா என்ற பேரினத்துக்கு 1794-இல் பூஞ்சையியல் அறிஞர் பெர்சூன் பெயரிட்டார். அது மற்றப் பூஞ்சைகளைத் தாக்கி உண்ணும் என்பதை 1932-இல் பயிர்நோய் ஆய்வாளர் வைண்ட்லிங் விளக்கமாக எழுதினார். அவர் கவனித்தது, நாற்றுகளை அழுகச் செய்யும் ரைசோக்டோனியா சொலானியின் இழைகளை டிரைக்கோடெர்மாவின் இழைகள் கொடிபோலச் சுற்றிக்கொள்வதை. சுற்றிக்கொண்டபின் கைட்டினேஸ், குளுக்கனேஸ் ஆகிய நொதிகளைச் சுரந்து எதிரியின் செல்சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் காணக்கிடைக்கும் இந்தக் காட்சி பலரையும் கவர்ந்துவிட்டது. ஆனால் வயலில் நமக்குக் கிடைக்கும் பயனில் பெரும்பங்கு அவ்வளவு கண்ணில் படாத வேறு இரண்டு வேலைகளிலிருந்து வருகிறது என்பது என் கருத்து. ஒன்று, வேரிலிருந்து கசியும் சர்க்கரையையும் வேர்ப்பரப்பில் உள்ள இடத்தையும் முதலில் வந்து பிடித்துக்கொள்வது. மற்றொன்று, வேரின் வெளி அடுக்குகளில் லேசாக நுழைந்து, பயிரின் சொந்த எதிர்ப்புத் திறனை முன்கூட்டியே தட்டி எழுப்புவது. இரண்டுமே முந்தி வந்தவருக்குத்தான் வாய்க்கும்.

முதலில் நோய் எது என்று அறியவேண்டும்

வேர் அழுகியிருக்கிறது என்பதாலேயே அது பூஞ்சையின் வேலை என்று முடிவு செய்துவிடக் கூடாது. அழுகிய பகுதி கூழாகி, வாடை மூக்கைத் துளைத்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா மென்னழுகல். அதற்கு டிரைக்கோடெர்மா மருந்தாகாது. உருளையிலும் இஞ்சியிலும் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால், தண்டின் அடிப்பாகத்தில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் நுனி மட்டும் அமிழும்படி நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழைகள் கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உருளையில் வரும் சொறி நோய்க்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியாவே காரணம்.

பூஞ்சை நோய்களுக்கு அவற்றுக்கே உரிய தடயங்கள் உண்டு. தரைமட்டத்தில் கழுத்துப் பகுதி அழுகி, அதன்மேல் விசிறி விரித்தாற்போல் வெள்ளை இழைகளும், கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் சேனை, கேரட், பீட்ரூட் என்று எதையும் விடாது. கேரட்டின் தலைப்பகுதியில் பஞ்சு போன்ற வெள்ளைப் பூஞ்சணமும் அதனிடையே எலிப்புழுக்கை போன்ற கருப்பு முடிச்சுகளும் இருந்தால் ஸ்கிளிரோட்டினியா. இது குளிர்ந்த பருவத்து நோய், சேமிப்புக் கிடங்கிலும் தொடரும். உருளையின் தோலில் எவ்வளவு கழுவினாலும் போகாத மண் போல ஒட்டிக்கொண்டிருக்கும் கருப்புத் திட்டுகள் ரைசோக்டோனியாவின் முடிச்சுகள். முளைத்த சில நாட்களில் நாற்றுகள் தரையோடு நூலாக இளைத்துச் சாய்ந்தால் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமியோ ரைசோக்டோனியாவோ, சில வேளைகளில் இரண்டுமோ இருக்கும். கேரட்டின் தோலில் குறுக்குவாட்டில் நீள்வட்டக் குழிகள் விழும் குழிப்புள்ளி நோயும் பித்தியத்தின் வேலையே. இந்தக் குழிப்புள்ளியைப் பொறுத்தவரை நன்மை செய்யும் பூஞ்சைகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நீர் தேங்காத மேட்டுப்பாத்தியும், முற்றியபின் மண்ணிலேயே விட்டுவைக்காமல் உடனே அறுவடை செய்வதும் அங்கே அதிகம் கைகொடுக்கும்.

கேரட் கிளைத்தும் முடிச்சு விழுந்தும் வந்தால் வேர்முடிச்சு நூற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். நூற்புழு துளைத்த காயம் வழியாகத்தான் பல வேரழுகல்கள் உள்ளே நுழைகின்றன. நூற்புழுவை விட்டுவிட்டுப் பூஞ்சையோடு மட்டும் போராடினால் நோய் அடுத்த பருவத்திலும் திரும்ப வரும்.

எந்த நோய்க்கு எந்தப் பூஞ்சை

பொதுவான வேரழுகலுக்கும் நாற்றழுகலுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, ஹார்சியானம், அஸ்பெரெல்லம் ஆகிய மூன்றில் நம்பகமாகக் கிடைப்பதைப் பயன்படுத்தலாம். இனத்தின் பெயரைவிட அந்த ரகத்தின் வீரியமும் பாக்கெட்டின் புதுமையுமே முக்கியம். இவை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். மண் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் மந்தமாகிவிடும். சற்றே அமிலத்தன்மையுள்ள மண் இவற்றுக்கு உகந்தது. களர் மண்ணில் இவற்றின் வேகம் குறைவதால், அங்கே தொழு உரத்தின் அளவைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஸ்கிளிரோட்டினியாவுக்கென்றே ஒரு பூஞ்சை இருக்கிறது. கோனியோதிரியம் மினிடன்ஸ் என்ற இது, மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும் கருப்பு முடிச்சுகளைத் தேடித் துளைத்து உள்ளேயே அழிக்கிறது. வேலை மெதுவாக நடப்பதால் விதைப்புக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே இதை நிலத்தில் தெளித்து, மேல்மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்துவிட வேண்டும். அதன்பின் ஆழ உழக்கூடாது. உழுதால் பூஞ்சை படாத முடிச்சுகள் அடியிலிருந்து மேலே வந்துவிடும். இது குளிர்ச்சியை விரும்பும் பூஞ்சை என்பதால் வெப்பமான நிலங்களுக்கு ஏற்றதன்று.

நூற்புழுவின் முட்டைகளை அழிக்கப் பர்பூரியோசிலியம் லிலாசினம், பொக்கோனியா கிளாமிடோஸ்போரியா ஆகியவை பயன்படுகின்றன. இவற்றையும் டிரைக்கோடெர்மாவைப் போலவே தொழு உரத்தில் கலந்து, விதைப்புக்கு முன் இடலாம்.

வேருக்குள் குடியேறிப் பயிரோடு கூட்டாக வாழும் வேர் உட்பூசணத்தை (மைக்கோரைசா) பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. எந்தப் பயிருக்கு இட்டாலும் பலன் தரும் என்று சொல்லி விற்கப்படுகிறது; அது உண்மையன்று. கேரட், உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை இப்பூசணத்தோடு நன்றாகக் கூட்டுச் சேரும். ஆய்வகங்களில் இப்பூசணத்தை வளர்ப்பதற்கே கேரட் வேரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முள்ளங்கியும் டர்னிப்பும் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை, பீட்ரூட் கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த இரண்டு குடும்பங்களும் இப்பூசணத்தை வேருக்குள் அனுமதிப்பதில்லை. அவற்றுக்கு இதை வாங்குவது வீண் செலவு. கூட்டுச் சேரும் பயிர்களிலும், மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்திருந்தால் அந்தக் கூட்டு வலுப்பெறாது.

பாக்கெட்டைச் சோதித்தல்

தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்துகள் என்ற விவரம் ஆகிய மூன்றும் இல்லாத பாக்கெட்டை வாங்கவேண்டாம். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் வித்துகளாவது இருக்கவேண்டும். டால்க் தூளில் கலந்தவை சாதாரண அறை வெப்பத்தில் நான்கு முதல் ஆறு மாதம் வரை வீரியத்தோடு இருக்கும். பூச்சிமருந்தோடு சேர்த்தோ, வெயில் படும் தகரக் கொட்டகையிலோ வைத்தால் அதற்கு முன்பே செத்துவிடும். செத்த தூளும் பார்வைக்கு அதே பச்சை கலந்த வெள்ளைத் தூள்தான் என்பதால், தொழு உரத்தில் கலப்பதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது.

ஒரு பிடி சோளத்தையோ வேறு தானியத்தையோ அரைவேக்காடாக வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, ஆறவிட்டுச் சுத்தமான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் போடுங்கள். ஒன்றில் சிட்டிகைத் தூளைத் தூவிக் குலுக்குங்கள். மற்றொன்றில் எதுவும் போடவேண்டாம். இரண்டின் வாயையும் பஞ்சால் அடைத்து நிழலில் வையுங்கள். உயிருள்ள தூளாக இருந்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் தானியத்தின்மேல் மெல்லிய வெள்ளைப் பஞ்சு படரும். ஐந்தாம் நாளுக்குள் அது அடர்ந்த பச்சையாக மாறும். சில ரகங்களில் புட்டியைத் திறந்தால் தேங்காய் மணம் லேசாக வரும். நீலம் கலந்த பச்சையில் மாவு போல மெதுவாகப் படர்ந்தாலோ, கருப்பாகப் பூத்தாலோ வேறு பூஞ்சை புகுந்துவிட்டது என்று பொருள். தூள் போடாத புட்டியிலும் அதே வளர்ச்சி இருந்தால் தானியமே சுத்தமாக இல்லை. சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும்.

தொழு உரத்தில் பெருக்குதல்

முழு வேலையிலும் அதிகக் கவனம் கேட்பது இந்தப் பகுதிதான். தூளை நேராக மண்ணில் இடுவதைவிட, மக்கிய தொழு உரத்தில் பெருக்கி இடுவது பல மடங்கு பலன் தரும்; பூஞ்சை தன் சாப்பாட்டுடனேயே வயலுக்குள் போகிறது என்பதுதான் காரணம்.

ஓர் ஏக்கருக்கு 1 கிலோ தூளும் 100 கிலோ தொழு உரமும் கணக்கு. உரம் முழுவதும் மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாடை இல்லாமல் மண்வாசனை வரவேண்டும், குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது. பாதி மக்கிய சாணம் குவித்த சில நாட்களில் 60 டிகிரி வரை சூடேறும், அந்தச் சூட்டில் டிரைக்கோடெர்மா தாங்காது. இந்த ஒரு தவறை நான் செய்திருக்கிறேன். ஓர் ஆண்டு அவசரத்தில் புதுச் சாணத்தைக் கலந்து குவித்துவிட்டு, பத்து நாள் கழித்துத் திறந்தபோது உள்ளிருந்து ஆவிதான் வந்தது. பச்சை நிறம் எங்கும் இல்லை. அந்த முறை முழுத் தூளும் வீணாகி, விதைப்பும் தள்ளிப்போயிற்று.

நிழலான, மழை படாத தரையில் உரத்தைப் பரப்பி, தூளைச் சீராகத் தூவி, மண்வெட்டியால் இரண்டு மூன்று முறை புரட்டிக் கலக்க வேண்டும். வேப்பம் புண்ணாக்கு கிடைக்கும் இடங்களில் 100 கிலோவில் 10 கிலோவை அதுவாக மாற்றிக்கொண்டால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பெருகும், நூற்புழுவுக்கும் அது ஓரளவு தடை. நீர் தெளித்தபின் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நிற்கவேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் காற்று புகாமல் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும்; உதிர்ந்தால் வித்து முளைக்காது. பிறகு ஒன்றரை அடி உயரத்துக்கு மேற்படாமல் குவித்து, ஈரச்சாக்கால் மூடிவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் மூச்சு முட்டிவிடும். சாம்பல், சுண்ணாம்பு, இரசாயன உரம் எதையும் இந்தக் குவியலில் சேர்க்கக் கூடாது.

நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சாக்கை எடுத்துப் புரட்டி, ஈரம் குறைந்திருந்தால் நீர் தெளித்து, மீண்டும் மூடவேண்டும். முதல் முறை புரட்டும்போது, சாக்கின் அடியில் உரக்கட்டிகளின்மேல் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் ஓடியிருப்பதைக் காணலாம். இரண்டாம் முறை அந்த இழைகள் இருந்த இடத்தில் பாசி படிந்தாற்போல் பச்சைத் திட்டுகள் இருக்கும். 15 முதல் 20 நாளில் குவியல் முழுவதும் அவ்வாறு பச்சை படர்ந்தால் வயலுக்கு எடுத்துச் செல்லலாம். அதன்பின் வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைக்க வேண்டாம். உணவு தீர்ந்தால் பூஞ்சை மறுபடியும் உறக்கத்துக்குப் போகும். எனவே விதைப்பு நாளை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் குவியல் போடுவதே சரியான வழி.

தூளைக் கையாளும்போது முகத்தில் துணியோ முகக்கவசமோ கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது. காளான் வளர்ப்புக் கூடம் அருகில் இருந்தால் இந்தக் குவியலை அங்கே வைக்கவே கூடாது. காளானும் பூஞ்சைதான், காளான் படுக்கைகளில் பச்சைப் பூசண நோயை உண்டாக்குபவை டிரைக்கோடெர்மா இனங்களே.

விதைக்கும் நடவுக் கிழங்குக்கும்

கேரட், பீட்ரூட், முள்ளங்கி விதைகளுக்கு ஒரு கிலோவுக்கு 4 முதல் 10 கிராம் தூள் போதும். ஆறிய, நீர்த்த மாவுக் கஞ்சியைச் சில துளி தெளித்து விதையைப் பிசறிக்கொண்டு, தூளைத் தூவிப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். கேரட் விதை மெதுவாக முளைப்பது. இரண்டு வாரம்கூட மண்ணில் கிடக்கும். நாற்றழுகல் கிருமிக்கு அவ்வளவு நாள் வாய்ப்புக் கிடைப்பதால், கேரட்டில் விதை நேர்த்தியைத் தவிர்க்கவே கூடாது. விதை ஏற்கெனவே நிறமேற்றிய பூஞ்சாணக்கொல்லி பூசி வந்திருந்தால் அதன்மேல் டிரைக்கோடெர்மாவைப் பூசுவதில் பயனில்லை. அந்த நிலையில் தொழு உரத்தின் வழியாக மட்டும் கொடுக்கலாம்.

உருளை, சேனை, இஞ்சி, மஞ்சள் போன்றவற்றில் ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் தூளைக் கரைத்து, கிழங்குகளை அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் வற்றியபின் நடலாம். வெட்டிய துண்டுகளாக இருந்தால், வெட்டுவாய் ஆறிக் காய்ந்தபின்பே ஊறவைக்க வேண்டும். அழுகிய கிழங்கு ஒன்றுகூட இந்தக் கரைசலில் விழுந்துவிடாமல் முதலில் பொறுக்கி எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரைசல் நோயைத் தடுப்பதற்குப் பதிலாக எல்லாக் கிழங்குக்கும் அதைப் பரப்பிவிடும்.

நிலத்தில் இடுதல்

நோய் கடுமையாக உள்ள நிலத்தில், நல்ல வெயில் காலத்தில் மண்ணை நீர் பாய்ச்சி, தெளிந்த மெல்லிய பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரம் மூடிவைக்கும் சூரிய வெப்பமூட்டலை முதலில் செய்தால் பலன் கூடும். இம்முறையை 1976-இல் இஸ்ரேலில் காட்டானும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். தாளை எடுத்ததும் மண்ணில் பல கிருமிகள் குறைந்து இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம் என்பதால், தாள் எடுத்த ஓரிரு நாட்களுக்குள் பெருக்கிய தொழு உரத்தை இட்டுவிட வேண்டும்.

உரத்தை நிலம் முழுவதும் வீசுவதைவிட, விதைக்கும் வரியிலோ நடவுக் குழியிலோ இடுவது சிக்கனம். மாலை நேரத்தில் இட்டு, மேலே மண்ணைத் தள்ளி, லேசாக நீர் பாய்ச்சுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் வித்துகளைக் கொல்லும். முள்ளங்கி 45 நாளுக்குள் முடிந்துவிடுவதால் விதைப்புக்கு முந்தைய ஒரே இடுகை போதும். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் விதைத்த 30 நாளில் மண் அணைக்கும்போது இன்னொரு முறை இடலாம். மரவள்ளி, சேனை போன்று எட்டு மாதம், பத்து மாதம் மண்ணில் கிடப்பவற்றுக்கு மழைக்காலம் தொடங்கும் முன் மறுபடி ஒருமுறை அவசியம், ஏனெனில் கிழங்கழுகல் பெருகுவது அந்த ஈரத்தில்தான்.

தூளை நீரில் கரைத்து வேரில் ஊற்றுவதானால் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். டால்க் தூள் சொட்டுநீர்க் குழாய்களை அடைத்துவிடும் என்பதால், சொட்டுநீரில் விட விரும்புபவர்கள் திரவ வடிவில் உள்ளதை வாங்கவேண்டும்.

பூஞ்சாணக்கொல்லிகளில் கார்பென்டாசிம் டிரைக்கோடெர்மாவுக்குக் கொடிய நஞ்சு. மிகக் குறைந்த அளவிலேயே அதன் வளர்ச்சியை நிறுத்திவிடும். டிரைக்கோடெர்மா இட்ட வயலில் அதை மண்ணில் ஊற்றினால் அதுவரை செய்த வேலை முழுவதும் அழிந்துபோகும். தாமிரம் கலந்தவற்றை ஊற்ற நேர்ந்தால் முன்னும் பின்னும் குறைந்தது 15 நாள் இடைவெளி விடுங்கள். பித்தியத்துக்குப் பயன்படும் மெட்டலாக்சில் ஒப்பீட்டளவில் இதைப் பாதிப்பதில்லை. எதற்கும் ஒரே கலத்தில் இரண்டையும் கலக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

முதல் பருவத்திலேயே நோய் அடியோடு ஒழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலன் உண்டா இல்லையா என்பதை உங்கள் நிலத்திலேயே அளந்து பார்க்க, பாத்தியின் நடுவில் நான்கு வரிகளை மட்டும் வெறும் தொழு உரத்தோடு விட்டு, குச்சி நட்டு அடையாளம் செய்துவையுங்கள். அறுவடையன்று பூஞ்சை இட்ட வரிகளில் 50 வேர்களையும் இடாத வரிகளில் 50 வேர்களையும் பிடுங்கிக் கழுவி, புள்ளியும் அழுகலும் உள்ளவற்றைத் தனியே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அழுகிய வேர்களையும் முடிச்சு ஒட்டிய தழைகளையும் வயலிலேயே மிதித்து விடாமல் கூடையில் பொறுக்கி வெளியே கொண்டுபோய் அழித்துவிட்டு, அடுத்த பயிருக்கான தொழு உரக் குவியலுக்கு அந்த வாரமே நாள் குறித்துவிடுங்கள்.